முழுப் பெயரை நீங்கள் வையுங்கள், சுருக்கத்தை கம்ப்யூட்டர் போடட்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்னென்ன சாப்ட்வேர் போட்டுக் கொள்ளலாம்?" என்பதுதான். பாட்டு கேட்க, படம் பார்க்க, தமிழில் டைப் செய்ய என்று ஒரு பட்டியல் சொல்வேன். வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ, ஆராய்ச்சி செய்பவரோ இருந்தால் இன்னும் ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன். அதுதான் ரெபரன்ஸ்களைப் பராமரிக்கும் சாப்ட்வேர். நான் சாப்ட்வேர் இன்ஜினியர்தான். ஆனாலும் இதன் அருமையை நான் வேலையில் கற்றுக் கொள்ளவில்லை. என் மதினி பட்ட பாட்டைப் பார்த்துத்தான் கற்றுக் கொண்டேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள மேலநீலிதநல்லூர். மதினி வேதியியலில் பகுதி நேரமாக பி.எச்டி. செய்கிறார். பகலில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. இரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகுதான் ஆராய்ச்சி. அண்ணன் தவணையில் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அதில் மதினி தன் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் செய்து ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினார். சில நாட்களில் கட்டுரை திரும்பி வந்தது. ஆராய்ச்சியில் குறை எதுவும் சொல்லவில்லை. 'ரெபரன்ஸ் பட்டியலில் உள்ள இதழ்ப் பெயர்களை எங்கள் முறைப்படி சுருக்கி எழுதி, மீண்டும் அனுப்பவும்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

பட்டியலில் 118 ரெபரன்ஸ்கள் இருந்தன.

ரீப்ளேஸ் ஆல் செய்த வேலை

கம்ப்யூட்டருக்குப் புதியவர் யாராக இருந்தாலும் செய்வதைத்தான் மதினியும் செய்தார். வேர்டில் கண்ட்ரோல் கீயுடன் எச் கீயை அழுத்தினால் ஒரு சொல்லைத் தேடி இன்னொரு சொல்லாக மாற்றும் கட்டம் வரும் அல்லவா? அதில் 'ஜர்னல்' என்பதை 'ஜே.' என்றும், 'கெமிஸ்ட்ரி' என்பதை 'கெம்.' என்றும், 'சயின்ஸ்' என்பதை 'சை.' என்றும் ஆங்கிலத்தில் கொடுத்து, ரீப்ளேஸ் ஆல் பட்டனைக் கிளிக் செய்தார்.

கம்ப்யூட்டர் சொன்னதைச் செய்யும். நாம் நினைத்ததைச் செய்யாது. ரெபரன்ஸ் பட்டியலோடு அது நிற்கவில்லை. கட்டுரை முழுவதும் ஓடி, முதல் பக்கத்தில் இருந்த 'டிபார்ட்மெண்ட் ஆப் கெமிஸ்ட்ரி'யையும் 'டிபார்ட்மெண்ட் ஆப் கெம்.' ஆக்கியது. 'பயோகெமிஸ்ட்ரி' என்ற சொல்லின் நடுவில் பெரிய எழுத்தும், கடைசியில் புள்ளியும் வந்து உட்கார்ந்தன. 'சயின்ஸ்' என்பதே முழுப் பெயராக உள்ள புகழ் பெற்ற இதழ் வெறும் 'சை.' ஆகிவிட்டது.

இவற்றையெல்லாம் இரண்டு இரவு கண் விழித்து, ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினார். கையால் திருத்தியபோதுதான் பெரிய தவறுகள் நுழைந்தன. திருத்திய கட்டுரையை அனுப்பிய பிறகு இரண்டாவது கடிதம் வந்தது. அது முதல் கடிதம் போல் சாதாரணமாக இல்லை. 'மூன்று ரெபரன்ஸ்களை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இக்கட்டுரைகள் உண்மையிலேயே உள்ளனவா என்பதை உறுதி செய்யவும்' என்று கேட்டிருந்தார்கள்.

அன்று இரவே எனக்குப் போன் வந்தது. "தம்பி, நான் படிக்காததைப் படிச்சேன்னு எழுதியிருக்கேன்னு நினைக்கிறாங்க போல" என்றார். குரல் உடைந்திருந்தது. ஆடித்தபசுக்கு நான் ஊருக்கு வர இருந்த நேரம். "நான் வந்து பார்க்கிறேன் மதினி, அதுவரை எதையும் மாற்றாதீர்கள்" என்றேன்.

அந்த மூன்று ரெபரன்ஸ்கள்

ஊருக்கு வந்ததும் லேப்டாப்பை முன்னால் வைத்துக் கொண்டு உட்கார்ந்தோம். மூன்று கட்டுரைகளின் பிடிஎப் பைல்களும் மதினியிடம் இருந்தன. கோடு போட்டுப் படித்திருந்தார். கட்டுரைகள் உண்மை, படித்ததும் உண்மை. பெயர் மட்டும்தான் பொய்யாகிவிட்டது.

ஒன்று, 'ஜர்னல் ஆப் கெமிக்கல் பிசிக்ஸ்' என்ற இதழில் வந்தது. இதன் சுருக்கம் 'ஜே. கெம். பிஸ்.'. மதினி எழுதியது 'ஜே. பிஸ். கெம்.'. அது 'ஜர்னல் ஆப் பிசிக்கல் கெமிஸ்ட்ரி' என்ற வேறு இதழ். முதலாவதை வெளியிடுவது அமெரிக்க இயற்பியல் கழகத்தின் பதிப்பகம். இரண்டாவதை வெளியிடுவது அமெரிக்க வேதியியல் சங்கம். முழுப் பெயராக எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. சுருக்கும்போது இரண்டு சொல் இடம் மாறினால் இதழே மாறிவிடுகிறது.

மற்ற இரண்டிலும் போனது ஒரே ஓர் எழுத்து. 'ஜர்னல் ஆப் பிசிக்கல் கெமிஸ்ட்ரி' 1896-ல் தொடங்கிய இதழ். கட்டுரைகள் பெருகியதால் 1997-ல் அதை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்தார்கள். 2007-ல் சி பிரிவு வந்தது. 2010-ல் 'லெட்டர்ஸ்' என்று இன்னொன்றும் வந்தது. மதினி படித்த இரண்டு கட்டுரைகளும் 2009-ம் ஆண்டில் சி பிரிவில் வந்தவை. சுருக்கும் அவசரத்தில் கடைசியில் நிற்கும் 'சி' என்ற எழுத்தை விட்டுவிட்டார். 2009-ல் ஏ, பி, சி மூன்றுமே 113-வது தொகுதி. பக்க எண்ணோ ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஒன்றிலிருந்து தொடங்கும். எழுத்து இல்லாமல் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் மட்டும் கொடுத்தால் எங்கே போய்த் தேடுவது?

இது சின்ன விஷயம், இதற்குப் போய் இவ்வளவு பெரிய பேச்சா என்று கேட்பீர்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் என்றால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அப்போது ஒரு ரெபரன்ஸ் தவறாக இருந்தால் டைப்பிங் பிழை என்று நினைப்பார்கள். இன்று நிலைமை அப்படி இல்லை. கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் ஏஐ சாட்பாட்கள், உலகத்தில் இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், இதழ்ப் பெயர், பக்க எண் எல்லாம் போட்டு ரெபரன்ஸ் தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன. அதை அப்படியே ஒட்டி அனுப்பி மாட்டிக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதனால் தேடிக் கிடைக்காத ரெபரன்ஸ் என்றாலே, இதழ் ஆசிரியர்களுக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. பெரிய நிறுவனத்தில் இருந்து எழுதுகிறவருக்கு அந்தச் சந்தேகத்தின் பலன் கிடைக்கலாம். சின்ன ஊரிலிருந்து முதல் கட்டுரை எழுதுகிற ஒருவருக்கு அது கிடைக்கும் என்று நம்ப முடியாது.

எதற்கு இந்தச் சுருக்கம்?

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர், தனக்கு முன்னால் யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கட்டுரையின் முடிவில் பட்டியல் போட வேண்டும். இதுதான் ரெபரன்ஸ் பட்டியல். அச்சுக் கோத்த காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் செலவு. நீண்ட இதழ்ப் பெயர்களை நூறு முறை முழுதாக அச்சிட்டால் பக்கம் கூடும். அதனால் சுருக்கினார்கள். தேவையில் இருந்து பிறந்த நல்ல பழக்கம்தான் அது.

இதற்கு உலக அளவில் ஒரு விதிமுறையும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 4 என்பது அதன் பெயர். எந்தச் சொல்லை எப்படிச் சுருக்க வேண்டும் என்ற பட்டியலைப் பாரிசில் உள்ள ஐ.எஸ்.எஸ்.என். பன்னாட்டு மையம் பராமரிக்கிறது. 'ஆப்', 'தி', 'அண்ட்' போன்ற சின்னச் சொற்களை விட்டுவிட வேண்டும். ஒரே சொல்லில் அமைந்த பெயரைச் சுருக்கக் கூடாது. நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் இருந்து வடக்கே போனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வத்திராயிருப்பு வரும். அங்கே பிறந்தவர் விஞ்ஞானி கே.எஸ். கிருஷ்ணன். சி.வி. ராமனும் அவரும் சேர்ந்து 1928-ல் எழுதிய புகழ் பெற்ற குறிப்பு 'நேச்சர்' இதழில் வந்தது. ஒரே சொல் என்பதால் 'நேச்சர்' எந்தப் பட்டியலிலும் 'நேச்சர்'தான். அதே ஆண்டில் ராமன் தனியாக எழுதிய நீண்ட கட்டுரை 'இண்டியன் ஜர்னல் ஆப் பிசிக்ஸ்' இதழில் வந்தது. அது 'இண்டியன் ஜே. பிஸ்.' ஆகும்.

விதி ஒன்றுதான் என்றால் சிக்கல் இல்லை. ஆனால் வேதியியல்காரர்கள் தங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மருத்துவ இதழ்கள் பல, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அதில் சுருக்கத்துக்குப் புள்ளியே கிடையாது. சில இதழ்கள் சுருக்கமே வேண்டாம், முழுப் பெயரை எழுதுங்கள் என்கின்றன. ஓர் இதழுக்கு அனுப்பிய கட்டுரையை அது ஏற்காவிட்டால் அடுத்த இதழுக்கு அனுப்புவோம். அங்கே வேறு முறை. மீண்டும் 118 பெயர்களையும் மாற்ற வேண்டும்.

போதாததற்கு இதழ்கள் பெயரையும் மாற்றிக் கொள்கின்றன. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி ராமன் 1934-ல் தொடங்கியது. அது வெளியிடும் வேதியியல் இதழ், 'புரொசீடிங்ஸ்' என்ற பழைய பெயரை விட்டு 2004-ல் இருந்து 'ஜர்னல் ஆப் கெமிக்கல் சயின்சஸ்' என்று வருகிறது. 2001-ல் வந்த கட்டுரைக்குப் பழைய பெயர், 2010-ல் வந்த கட்டுரைக்குப் புதிய பெயர். இதையெல்லாம் ஒரு மனிதர் நினைவில் வைத்துக் கொண்டு இரவு பன்னிரண்டு மணிக்குத் தவறில்லாமல் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இனிஷியலில் இருந்து அப்பா பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். உங்கள் கம்ப்யூட்டரில் எப்போதும் இதழின் முழுப் பெயரையே வையுங்கள். சுருக்கத்தைச் சேமிக்காதீர்கள். சுருக்கம் என்பது, கட்டுரை வெளியே கிளம்பும்போது சாப்ட்வேர் போட்டுவிடும் சட்டை. இந்த இதழுக்கு ஒரு சட்டை, அந்த இதழுக்கு வேறு சட்டை. வீட்டில் இருக்கும் ஆள் ஒருவர்தான்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? முழுப் பெயரில் இருந்து சுருக்கத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். சுருக்கத்தில் இருந்து முழுப் பெயருக்குத் திரும்பி வருவது ஊகம்தான். நம் ஊர் இனிஷியல் விஷயம்தான் இது. எங்கள் பக்கம் கோமதி அம்மன் பெயர் வைக்காத வீடு குறைவு. பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று கோமதிகள் இருப்பார்கள், மூன்று பேருக்கும் இனிஷியல் 'எஸ்.' என்றே இருக்கும். அது சுப்பிரமணியனா, சுடலைமுத்துவா, சங்கரநாராயணனா? வருகைப் பதிவேட்டில் 'எஸ்.' போதும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடும்போது விரித்து எழுதச் சொல்வார்கள். அப்பா பெயர் தெரிந்தவரால்தான் விரிக்க முடியும்.

நான் இதைச் சொன்னதும் மதினி சிரித்துவிட்டார். "சங்கரநாராயணரைச் சங்கர்னு சுருக்கிட்டா, பாதிச் சாமி காணாமப் போயிரும்ல தம்பி?" என்றார். நான் இரண்டு பக்கத்தில் எழுதுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எந்த சாப்ட்வேர்?

விலை இல்லாமல் கிடைக்கும் இரண்டு சாப்ட்வேர்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ஜோட்டெரோ. 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இதை இன்ஸ்டால் செய்துவிட்டு, பயர்பாக்ஸ் அல்லது குரோம் பிரவுசருக்கான இணைப்பையும் போட்டுக் கொள்ளுங்கள். இன்டர்நெட்டில் ஒரு கட்டுரையைப் பார்க்கும்போது பிரவுசரின் மேல் பக்கம் தெரியும் பட்டனைக் கிளிக் செய்தால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும். கட்டுரையின் டி.ஓ.ஐ. எண் கையில் இருந்தால் இன்னும் எளிது. இது 10 என்று தொடங்கும் அடையாள எண். மந்திரக்கோல் படம் உள்ள பட்டனைக் கிளிக் செய்து இந்த எண்ணைக் கொடுத்தால் போதும்.

ஜோட்டெரோவில் இதழ்ப் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உள்ளன. 'பப்ளிகேஷன்' என்ற கட்டம் முழுப் பெயருக்கு. 'ஜர்னல் ஆப்ரிவியேஷன்' என்ற பொருளில் சுருக்கி எழுதப்பட்டுள்ள கட்டம் சுருக்கத்துக்கு. பப்ளிகேஷன் கட்டத்தில் ஒருபோதும் சுருக்கத்தை எழுதாதீர்கள்.

வேர்டில் கட்டுரை எழுதும்போது ஜோட்டெரோவுக்கு என்று ஒரு டேப் தெரியும். அதில் 'டாக்குமெண்ட் பிரிபரன்சஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். எந்த இதழின் முறையில் பட்டியல் வேண்டும் என்று அங்கே தேர்ந்தெடுக்கலாம். ஆயிரக்கணக்கான முறைகள் டவுன்லோட் செய்யக் கிடைக்கின்றன. சுருக்கம் கேட்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், இதழ்ப் பெயர்களைத் தானாகச் சுருக்கவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டமும் அங்கே தெரியும். இதில் டிக் செய்தால், மெட்லைன் என்ற மருத்துவத் தகவல் தொகுப்பின் சுருக்கங்களைக் கொண்டு ஜோட்டெரோ தானே சுருக்கும். நீங்கள் எழுதி வைத்த சுருக்கத்தைக் கண்டு கொள்ளாது. டிக்கை எடுத்துவிட்டால் நீங்கள் எழுதி வைத்ததைப் பயன்படுத்தும். நிறையப் பேர் இந்த வித்தியாசம் தெரியாமல், 'நான் சரியாக எழுதியும் தப்பாக வருகிறதே' என்று தலையைப் பிய்த்துக் கொள்கிறார்கள்.

இரண்டாவது ஜாப்ரெப். லேடெக் என்ற முறையில் கட்டுரை எழுதும் கணிதம், இயற்பியல் மாணவர்களுக்கு ஏற்றது. இதன் 'குவாலிட்டி' மெனுவில், இதழ்ப் பெயர்களைச் சுருக்கவும் சுருக்கியதை விரிக்கவும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. புள்ளியோடு வேண்டுமா, புள்ளி இல்லாமல் வேண்டுமா என்றும் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் இல்லாத இதழ்களுக்கு, முழுப் பெயரையும் அதற்கு எதிரே சுருக்கத்தையும் எழுதிய பைல் ஒன்றை நீங்களே தயாரித்துச் சேர்த்துக் கொள்ளலாம். ஓர் எச்சரிக்கை. ஜோட்டெரோ உங்கள் சேமிப்பைத் தொடாமல் கட்டுரையில் மட்டும் சுருக்கும். ஜாப்ரெப் உங்கள் பைலிலேயே பெயரை மாற்றிவிடும். அதனால் சுருக்கச் சொல்வதற்கு முன் பைலுக்கு ஒரு காப்பி எடுத்து வேறு பெயரில் வைத்துக் கொள்ளுங்கள். விரிக்கும் கட்டளை இருக்கிறதே என்று நம்பாதீர்கள். தன் பட்டியலில் உள்ள பெயரை மட்டும்தான் அதனால் விரிக்க முடியும்.

விலை கொடுத்து வாங்கும் எண்ட்நோட் போன்ற சாப்ட்வேர்களிலும் இதழ்ப் பெயர்ப் பட்டியல் வைக்கும் வசதி உண்டு. உங்கள் கல்லூரியில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள். வீட்டுக்கு என்று காசு செலவழிக்கத் தேவையில்லை.

சாப்ட்வேரும் தவறு செய்யும்

சாப்ட்வேர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். பட்டியல் எதுவோ, அதில் உள்ளதுதான் சாப்ட்வேருக்குத் தெரியும். மருத்துவப் பட்டியலில் நம் நாட்டு இதழ்கள் பல இருக்காது. பட்டியலில் இல்லாத பெயர் முழுதாகவே நிற்கலாம், அரைகுறையாகவும் சுருங்கலாம். இதழின் பெயரை இன்டர்நெட்டில் இருந்து எடுக்கும்போதே தவறான எழுத்துகளோடு வந்துவிடுவதும் உண்டு. அதனால் கடைசியில் ஒரு முறை நீங்கள் உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 118 பெயர்களை எழுதுவதும், எழுதி வந்த 118 பெயர்களைச் சரி பார்ப்பதும் ஒன்றல்ல. முதல் வேலைக்கு மதினிக்கு இரண்டு இரவு ஆனது. இரண்டாவது வேலையை முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்துக் கொண்டே முடித்தோம்.

"கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும், சாப்ட்வேர் கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறி ஆவார்கள்" என்று சொல்லும் பேராசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கட்டுரையைப் படிப்பது, புரிந்து கொள்வது, சரியான இடத்தில் மேற்கோள் காட்டுவது இவையெல்லாம் மாணவர் செய்ய வேண்டியவை. 'கெமிஸ்ட்ரி' என்ற சொல்லில் எத்தனை எழுத்துக்குப் பிறகு புள்ளி வைப்பது என்பதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது?

தமிழ் இதழ்களுக்கு என்ன செய்வது?

தமிழ் இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இது நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். சுருக்கம் தமிழுக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மேற்கோள் காட்டிய நூலின் பெயர் சுருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தச் சுருக்கம் எந்த நூலைக் குறிக்கிறது என்ற விளக்கப் பட்டியலையும் அதிலேயே கொடுத்திருக்கிறார்கள். பூட்டையும் சாவியையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

இன்று நாம் பூட்டை மட்டும் கொடுக்கிறோம். ஓர் ஆய்வேட்டில் 'செந்.' என்று போட்டிருந்தால் அது எந்த இதழ்? 1901-ல் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழா? திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1923-ல் தொடங்கிய 'செந்தமிழ்ச் செல்வி'யா? பேராசிரியர் நா. வானமாமலை 1969-ல் தொடங்கிய இதழின் பெயர் 'ஆராய்ச்சி'. அதை 'ஆரா.' என்று சுருக்கினால் பாதிப் பேருக்கு அது ஓர் இதழ் என்றே தெரியாது. தமிழ் இதழ்களின் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு சொற்கள்தான். அவற்றைச் சுருக்கி மிச்சமாகும் இடம் விரல் நகம் அளவுகூட இல்லை. அதனால் தமிழ் இதழ்ப் பெயர்களைச் சுருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஜோட்டெரோவில் தமிழ் யுனிகோடில் தாராளமாக டைப் செய்யலாம். பழைய எழுத்துருக்களில் டைப் செய்யாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

இதழ்களுக்கும் கல்லூரிகளுக்கும்

இதழ்களை நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி. அச்சுக் கோத்த காலம் போய்விட்டது. கட்டுரைகளை இன்று பெரும்பாலானவர்கள் திரையில்தான் படிக்கிறார்கள். திரையில் நாலு எழுத்து கூடினால் யாருக்கும் செலவில்லை. அப்படியே சுருக்கம்தான் வேண்டும் என்றாலும், கட்டுரையை ஏற்றுக் கொண்ட பிறகு உங்கள் சாப்ட்வேரே அதைச் செய்யலாமே? ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்பே, புள்ளி வைக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது எந்த விதத்தில் அறிவியலுக்கு உதவுகிறது? சில இதழ்கள் முதல் முறை அனுப்பும்போது எந்த முறையில் இருந்தாலும் ஏற்றுக் கொள்கின்றன. மற்றவர்களும் அந்த வழிக்கு வர வேண்டும்.

கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. இதுபோல கிராமங்களில் உள்ள கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகள் பலர், வீட்டில் முதன் முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள். ரெபரன்ஸ் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. முதுகலை சேர்ந்த முதல் மாதத்தில் ஒரே ஒரு மணி நேரம், கம்ப்யூட்டர் லேபில் உட்கார வைத்து இந்த சாப்ட்வேரைக் காட்டிக் கொடுத்தால் போதும். செலவு எதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போலி இதழ்கள் பெருகிவிட்டன. நல்ல இதழின் பெயரைப் போலவே தோன்றும் பெயரை வைத்துக் கொண்டு, காசு வாங்கிக் கொண்டு எதையும் வெளியிடுகிறார்கள். தரமான இதழ்களுக்கு என்று பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025-ல் கைவிட்டுவிட்டார்கள். இனி இதழ் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு கல்வி நிறுவனத்துக்கும் நமக்கும்தான். சுருக்கத்தில் அசலும் போலியும் ஒன்று போலவே தெரியும். முழுப் பெயரும், எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

நீங்கள் இன்றே செய்யக் கூடியவை

1. ஜோட்டெரோ அல்லது ஜாப்ரெப், இரண்டில் ஒன்றை இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டும் வேண்டாம், குழப்பம்.

2. கட்டுரையைப் படிக்கும் அன்றே சேமித்துவிடுங்கள். எழுதும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

3. இதழின் பெயரை முழுதாக எழுதுங்கள். கடைசியில் ஏ, பி, சி என்று எழுத்து இருந்தால் அதையும் சேர்த்து.

4. டி.ஓ.ஐ. எண்ணை விட்டுவிடாதீர்கள். பெயரில் தவறு நேர்ந்தாலும் இந்த எண் கட்டுரையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

5. ரெபரன்ஸ் பட்டியலில் ரீப்ளேஸ் ஆல் பட்டனைத் தொடாதீர்கள்.

6. மாதம் ஒரு முறை உங்கள் சேமிப்பைப் பென் டிரைவிலோ வேறு இடத்திலோ காப்பி எடுத்து வையுங்கள்.

மதினியின் கட்டுரைக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. மூன்று ரெபரன்ஸ்களையும் முழுப் பெயர், டி.ஓ.ஐ. எண்ணோடு எழுதி, நடந்த தவறையும் மறைக்காமல் விளக்கி அனுப்பினார். 'விளக்கத்துக்கு நன்றி, கட்டுரையைப் பரிசீலனைக்கு அனுப்புகிறோம்' என்று பதில் வந்தது. பரிசீலனை இன்னும் முடியவில்லை. கட்டுரை ஏற்கப்படுமா என்பது அதில் உள்ள வேதியியலைப் பொறுத்தது. அது அப்படித்தானே இருக்க வேண்டும்?

இப்போது மதினியின் லேப்டாப்பில் ரெபரன்ஸ்கள் 118 அல்ல, இருநூறைத் தாண்டிவிட்டன. அத்தனையும் முழுப் பெயரோடு இருக்கின்றன. கூட வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு அவரே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டாராம். உங்கள் வீட்டிலும் ஆராய்ச்சி செய்கிறவர் இருந்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவருடைய இரண்டு இரவுத் தூக்கமாவது மிச்சமாகும்.